வரமும் அதிகாரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், தரிசனம், சுகமளித்தல் ஆகிய வரங்களை, அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான மார்மன்கள் தங்கள் விசுவாசப் பிரமாணங்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஞாயிறு ஆராதனையில் பெந்தெகொஸ்தே சபையின் ஆரவாரம் துளியும் இல்லை. வரங்கள் ஏட்டில் மட்டும்தானா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

ஆரம்பத்தில் ஆரவாரம் இருந்தது. 1832இல் ஒஹாயோவின் கர்ட்லண்டில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தை முதன்முறை சந்தித்த, பின்னாளில் சபைத் தலைவரான பிரிகாம் யங், அன்று மாலை ஜெபத்திலேயே அந்நிய பாஷையில் பேசினார். இன்று அந்த வரத்தின் பெயர் பெரும்பாலும் வேறொன்றுக்கு வழங்குகிறது: வெளிநாடு செல்லும் இளம் ஊழியர்கள் சில வாரங்களில் புதுமொழி கற்றுப் பேசுவதற்கு. பயிற்சி மையத்தில் இலக்கணம் படித்துத்தான் கற்கிறார்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

என் கணிப்பில் வரங்கள் மறையவில்லை, பதவிக்குள் குடியேறின. சபை தொடங்கிய 1830லேயே ஹைரம் பேஜ் என்பவர் ஒரு கல்லின் வழியே தமக்கும் வெளிப்பாடு வருவதாகச் சொன்னார். சபை முழுமைக்குமான வெளிப்பாடு ஸ்மித்துக்கு மட்டுமே உரியது என்று உடனே ஒரு வெளிப்பாடு வந்தது! உங்கள் வீட்டுக்கு, உங்கள் பொறுப்புக்கு நீங்கள் வெளிப்பாடு பெறலாம். அடுத்தவருக்கு ஆணையிட முடியாது. அந்தக் கோடு இன்றும் அழியவில்லை.

பெண்களின் கதைதான் எனக்கு உறுத்துகிறது. 1842 ஏப்ரல் 28 அன்று, சபை அப்போது மையம் கொண்டிருந்த இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், பெண்கள் நோயாளிகள்மேல் கைவைத்து ஜெபிப்பதில் தவறில்லை என்று மாதர் ஒத்தாசைச் சங்கக் கூட்டத்தில் ஸ்மித்தே பேசினார். சபையினர் மேற்கே யூட்டாவுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களை மற்ற பெண்கள் கழுவி, எண்ணெய் பூசி ஆசீர்வதித்தார்கள். 1946இல், நிறுவனரின் உறவினரும் சபைத் தலைவர்களில் ஒருவருமான அப்போஸ்தலர் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் அச்சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தடை இல்லை. நோயாளிகளுக்கு மூப்பர்களை, அதாவது ஆசாரியத்துவப் பொறுப்பிலுள்ள ஆண்களை, அழைப்பதே மிக நல்லது என்ற பரிந்துரைதான். வழக்கம் அடங்க அதுவே போதுமானதாக இருந்தது. இன்று ஒலிவ எண்ணெய் பூசி ஆசீர்வதிப்பது மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம் என்ற உயர்நிலை ஆசாரியத்துவம் பெற்ற ஆண்களின் பணி. பெண் விசுவாசத்தோடு ஜெபிக்கலாம். இதை வெறும் நிர்வாகச் சீர்திருத்தம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

இன்னொன்று. வரங்களைப் பட்டியலிடும் 1831ஆம் ஆண்டு வெளிப்பாட்டில், பிறருடைய சாட்சியை நம்புவதும் ஒரு வரம். உங்களுக்கு அமைதியாகத் தெரியும் ஆராதனையில் அது நடந்துகொண்டிருக்கலாம்; வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அதை அளக்க வழியில்லை.

நாவூ கூட்டக் குறிப்பேட்டைத் திருச்சபையே இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. அந்த ஏப்ரல் 28 பக்கங்களை வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.