ஃபைபர் படகின் ஒட்டில் செராமிக் பொடி கலந்தால் பலம் கூடுமா?

நாகையில் ஃபைபர் படகு வைத்திருப்பதாகவும், எபாக்சி பசை வைத்து ஒட்டிய இடம் திரும்பத் திரும்ப விட்டுப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அலுமினா, சிலிக்கா போன்ற செராமிக் பொடி கலந்தால் பலம் கூடும், உண்மைதான். ஆனால் பொடி வாங்கும் முன் பிய்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்.

பசை முழுக்க ஒரு பக்கமே தங்கி, மறுபக்கம் வழவழவென்று இருக்கிறதா? அப்படியானால் பசை பரப்பையே பிடிக்கவில்லை. படகைச் செய்த பாலியெஸ்டர் ரெசினின் மேல்பரப்பில் மெழுகு இருக்கலாம். டீசலும் உப்பும் சேர்ந்திருக்கும். இதற்கு எந்தப் பொடியும் உதவாது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, முதலில் அசிட்டோனால் துடைத்து, அப்புறம் உப்புத்தாள் போடுங்கள். பலரும் இதை மாற்றிச் செய்து மெழுகை உள்ளே தேய்த்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒட்டும் வேலையே வேண்டாம்.

இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தால், கிழிந்தது பசைதான். பொடிக்கு வேலை இங்கேதான். இறுகிய எபாக்சி சட்டென்று உடையும் குணமுள்ளது. விரிசல் தடையில்லாமல் ஓடும். குறுக்கே கெட்டியான துகள் இருந்தால் விரிசல் அதைச் சுற்றிப் போக வேண்டும், அதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நானோ துகளாக இருந்தால், அதைச் சுற்றிப் பசை விட்டு நுண்ணிய குழிகள் விரிவதிலும் ஆற்றல் செலவாகும்.

நானோ பொடி எடையில் சில சதவீதம் போதும். கூடினால் பசை கெட்டியாகி, காற்றுக் குமிழியும் பொடிக் கட்டியும் உள்ளே தங்கி, அங்கிருந்தே விரிசல் கிளம்பும். குச்சியால் கலக்கினால் நானோ பொடியின் கட்டி உடையாது, ஆய்வகங்களில் அதற்குத் தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதனால் துகள் ஏற்கெனவே கலந்து வரும் பசையை வாங்குவதே என் யோசனை. (பசை வழியாமல் இருக்கப் பட்டறையில் போடும் ஏரோசிலும் சிலிக்காதான்!) எதைக் கலந்தாலும் முகக்கவசம் கட்டாயம்.

பசையோடு ஃபைபர் இழையே உரிந்து வந்திருந்தால் பசையைக் குறை சொல்ல வழியில்லை. ஒட்டின் இரு ஓரங்களில்தான் விசை குவிகிறது. ஓரத்தை ஃபைபர் பலகையின் கனத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் மேட் என்னும் இழை விரிப்பை அடுக்கடுக்காகப் போடச் சொல்லுங்கள்.

சந்தேகமிருந்தால் பழைய ஃபைபர் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலம் மேலேறும்படி, பொடி போட்டு ஒரு ஜோடி, போடாமல் ஒரு ஜோடி ஒட்டுங்கள். நன்றாக இறுகியதும் இரண்டையும் பிய்த்து, பிய்ந்த பரப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.