வயிற்றுப் புண்ணுக்கு ‘வளர்ச்சிக் காரணி’ பொடி வாங்கலாமா?

கேள்வி: வயது 46. கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிறேன். முட்டிவலிக்குத் தினமும் மாத்திரை போடுவேன். எண்டோஸ்கோபி பார்த்து இரைப்பையில் புண் என்றார்கள். ‘வளர்ச்சிக் காரணி’ பொடி குடித்தால் உள்தோல் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் 6,500 ரூபாய் கேட்கிறார். அது செல்களைப் பிரித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா.

மகன் சொல்வது பாதி சரி. இரைப்பையின் உள்தோலில் செல்கள் கைகோத்து நிற்கின்றன. அந்தக் கைதான் ஈ-கேடரின் என்ற புரதம். புண் விழுந்ததும், எச்சிலிலும் இரைப்பையிலும் உடம்பே சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் ஓரத்துச் செல்களின் பிடியைத் தளர்த்துகின்றன. தளர்ந்தால்தான் செல் நகரும். நகர்ந்து வந்து பள்ளத்தை மூடியபின் மறுபடி கைகோத்துக்கொள்ளும். ஆகவே கொஞ்ச நேரம் பிரிவதும் ஆறுகிற வேலைதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எச்சிலிலேயே இருப்பதை எதற்கு விலைக்கு வாங்குவது? அது புரதம். குடித்தால் முட்டை வெள்ளைக்கருபோல் பெரும்பாலும் செரித்துப்போகும். இந்தக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. அதைச் சொல்லியே விற்பார்கள். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று யார் சோதித்தார்கள்? தெரிந்த அக்கா, சொந்தக்காரத் தம்பி என்று சங்கிலியாக ஆள் பிடிக்கும் இந்த வியாபாரத்தில், கூலிக்காசை இழந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு எண்டோஸ்கோபிக்குக் கூலியை விட்டு மலையிறங்கி அலையவிட்டால், ஜனங்கள் வாசலில் வருபவனைத்தான் நம்புவார்கள். அது அவர்கள் குற்றமா?

உங்கள் புண்ணை ஆறவிடாமல் செய்வது பெரும்பாலும் அந்த வலி மாத்திரைதான். உள்தோலைக் காக்கும் சளிப்படலத்தை அது மெலியவைக்கிறது. நிறுத்துங்கள். முட்டிவலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் போடும் ஆஸ்பிரின். அதுவும் புண்ணாக்கும்தான், ஆனாலும் நீங்களாக விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு வீட்டில் வேறு யாராவது அதை நிறுத்திவிடப் போகிறார்கள் என்பதுதான் என் பயம். இதய மருத்துவர் சொல்லாமல் ஒருநாள்கூட விடக்கூடாது.

அடுத்தது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. அதன் நொதி ஈ-கேடரினையே வெட்டுகிறது. எண்டோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து. வலி போனதும் பாதியில் விடாதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள்.

மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போலவோ வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.