மப்டில வந்தா போலீஸ்னு எப்படித் தெரியும்?

அண்ணா, வடசென்னைல நடக்கற மாதிரி ஒரு க்ரைம் த்ரில்லர் எழுதிட்டு இருக்கேன். மூணு மப்டி போலீஸ், யாரும் ரூல்ஸ் பாக்க மாட்டாங்க. சட்டம் அது இதுன்னு உள்ள விட்டா வேகம் போயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, நிஜமாவா? கெட்ட வார்த்தை எவ்ளோ வைக்கலாம்? சாம்பிள் அனுப்பிருக்கேன்.
கார்த்திக், பெரம்பூர்

தம்பி கார்த்திக்,

கெட்ட வார்த்தை உங்க இஷ்டம். அந்த ஏட்டு அடகுக்கடைல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பேச்சுக் குடுத்து திருட்டு நகைய வெளிய வர வைக்கிறாரே, அவ்ளோ அழகா வந்திருக்கு. இப்படி எழுதத் தெரிஞ்ச ஆளு அடுத்த பக்கத்துலயே ஒரு பையனத் தூக்கி வேன்ல போட்டு அடிச்சு உண்மையக் கக்க வைக்கறீங்களே, ஏன்யா? போலீஸ்கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டா அது கோர்ட்ல செல்லாது, 1872 சாட்சியச் சட்டத்துலேர்ந்து அப்படித்தான், இப்ப வந்த புதுச் சட்டத்துலயும் அதேதான். உங்க ஹீரோ கேஸ முடிக்கல, கெடுத்துட்டாரு.

நான் வியாசர்பாடில இருந்தப்ப பக்கத்து வீட்டுப் பையன விடியக்காலைல நாலு பேர் வந்து இழுத்துட்டுப் போனாங்க, கைலியோட, செருப்பு போடக்கூட விடல. வந்தது போலீஸா ரவுடியான்னு அவங்கம்மாவுக்குத் தெரியல, ஸ்டேஷன் ஸ்டேஷனா ஏறி இறங்கறாங்க, எங்க போனாலும் "இங்க இல்லம்மா". மறுநாள் சாயங்காலம் நொண்டிக்கிட்டு வந்தான், அவங்க தேடினது வேற ஆளாம். அந்தம்மா உங்க கதைல எங்க?

1996ல டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. கைது பண்றவர் பேரும் பதவியும் தெரியற மாதிரி பேட்ஜ் குத்தணும், அப்பவே மெமோ எழுதணும், வீட்டு ஆளோ தெருவுல பெரியவரோ சாட்சிக் கையெழுத்து போடணும், புடிபட்டவனும் போடணும். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. இவ்ளோ இருந்தும் 2020ல சாத்தான்குளத்துல கஸ்டடிக்குப் போன அப்பாவும் மகனும் பொணமாத்தான் வந்தாங்க. அதப் பாத்த ஊர்ல உக்காந்துக்கிட்டு வேன் அடிய மாஸ் சீனா எழுத உங்களுக்கு எப்படிக் கை வருது?

வேகம் போயிடுமாம்! சந்துக்குள்ள மப்டில மூணு பேரு, சுத்தி கூட்டம் சேருது, யார்ரா நீங்கன்னு ஒருத்தன் சட்டையப் புடிக்கிறான், ஏட்டு மெமோ எழுதறாரு, அம்மா கையெழுத்து போட மாட்டேன்னு நிக்கறாங்க, கூட்டாளி பின்வாசல் வழியா ஓடறான், துரத்தவும் முடியல இவன விடவும் முடியல. இதுல இல்லாத த்ரில்லா அந்த வேன்ல இருக்கு?

உங்களால முடியும்னுதான் திட்டறேன். வேன் சீனக் கிழிச்சுப் போட்டுட்டு இத எழுதி அனுப்புங்க, உக்காந்து படிக்கறேன்.