உடம்பை வெறுக்கும் மகளுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

"ஏழாவது படிக்கும் மகள் கண்ணாடியைப் பார்த்தாலே அழுகிறாள், தன் உடம்பை அவளுக்குப் பிடிக்க வைக்க ஏதாவது பயிற்சி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் நெஞ்சு அடைத்தது. என் மகளும் எட்டாவதில் இப்படித்தான் இருந்தாள்.

கோபி பக்கம் எங்கள் ஊர். ஒரு சீருக்குப் போன இடத்தில் ஒரம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருவர், "ஏ அம்மிணி, இப்படி ஊதிப்போயிட்டயே!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரி சோறு பாதியானது. துப்பட்டாவை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள். வயதுக்கு வரும் சமயத்தில் இடுப்பும் தொடையும் சதை போடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதை அவளிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நானோ தினமும் "நீ அழகுதான் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரோட்டில் நாங்கள் பார்த்த ஆலோசகர்தான் அதை நிறுத்தச் சொன்னார். "அழகா, இல்லையான்னே பேசிட்டிருந்தா பிள்ளைக்கு அந்த நினைப்புத்தானுங்களே வரும்?" என்றார். அப்புறம் இரண்டு நூல் கயிறு கொடுத்தார். ஒன்றை, தன் இடுப்பளவு என்று அவள் நினைக்கிற அளவுக்குத் தரையில் வட்டமாக வைத்தாள். இன்னொன்றை இடுப்பில் சுற்றி அளந்து அதற்குள் வைத்தபோது இரண்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் எங்களுக்குக் கைகொடுத்தது எழுத்து. நெதர்லாந்தில் ஜெசிகா அல்லேவா என்ற ஆய்வாளரின் குழு 2015-ல் வெளியிட்ட பயிற்சி அது. உடம்பு என்னென்ன செய்கிறது, அது தனக்கு ஏன் முக்கியம் என்று மூன்று தடவை, தடவைக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். இளம்பெண்களுக்காக அமைத்ததை நான் அவளுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டேன். முதல் நாள் நாலே வரி. மூன்றாம் நாள், வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்ட கை, அம்மாயிப் பாட்டியைப் படியேற்றிவிட்ட தோள் என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. அம்மாயிக்குப் படித்துக் காட்டினோம். அழுதுவிட்டார்.

கடைசியாக, தன்னைவிடச் சின்னவளான சித்தி மகளுக்கு, ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடந்தால் என்னென்ன இழக்க நேரும் என்று கடிதம் எழுதினாள். அடுத்தவளுக்குச் சொல்லும்போது தனக்கும் அது உறைத்தது.

இன்னொன்று, கும்மி. 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் வள்ளி கும்மி என்ற நம் பக்கத்துக் கிராமிய ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது நம் பக்கம் ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடக்கிறது. என் மகளும் சேர்ந்தாள். வட்டத்தில் குண்டு, ஒல்லி, பல் போன பாட்டி எல்லோரும் ஒரே அடவுதான் போடுகிறார்கள். கால் தப்பாமல் ஆடினால் போதும், இடுப்பை யாரும் அளப்பதில்லை. துப்பட்டாவை இழுக்கும் பழக்கம் அங்கேதான் குறைந்தது.

வீட்டில் எடை, நிறம் பற்றிய பேச்சை நாங்கள் விட்டுவிட்டோம். என் வயிற்றைப் பற்றி நானே சலித்துக்கொள்வதையும் நிறுத்தினேன். அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, மாதவிடாய் நிற்பது என்று ஏதாவது தெரிந்தால் பயிற்சி, கும்மி எல்லாம் அப்புறம்; முதலில் மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.