அழிந்துவிட்டதே என்று எழுதலாமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம். ஹோபார்ட்டில் மகளிடம் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். அந்த ஊர் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியா பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1830-ல் வெள்ளைக்காரர்கள் ‘கறுப்பு வரிசை’ என்று 2,200 பேராக வரிசைகட்டிக் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் பழங்குடிகளில் இரண்டு பேரைத்தான் பிடித்தார்களாமே, எப்படி? அந்த இனம் 1876-ல் ட்ருகானினி என்ற பெண் இறந்ததோடு அழிந்துவிட்டதே, அவர்கள் நினைவாக அங்கே என்ன பார்க்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

காடும் மேடும் அவர்களுடையவை. வரிசைக்கு நடுவே இருட்டில் நழுவிப்போனார்கள். அதற்கு இவ்வளவு போதும்.

‘அழிந்துவிட்டதே’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை அக்கறையாகப் படிக்கிற நீங்களே இப்படி எழுதலாமா? ட்ருகானினி இறந்தபோது அதே இனத்துப் பெண் ஃபேனி காக்ரேன் ஸ்மித் உயிரோடு இருந்தார். 1899-லும் 1903-லும் தன் மக்களின் பாடல்களை மெழுகு உருளையில் பாடிப் பதிவுசெய்தார். அவருக்குப் பதினொரு பிள்ளைகள். வடக்கே பாஸ் நீரிணைத் தீவுகளில், சீல் வேட்டைக்காரர்கள் தூக்கிச்சென்ற பெண்களின் வம்சம் இன்னொரு கிளையாகத் தழைத்தது. ‘கடைசி ஆள்’ என்ற கதை யாருக்கு வசதி என்று யோசியுங்கள். ஆளே இல்லை என்றால் நிலம் கேட்க யார் வருவார்கள்? அதே கதையின் பேரில்தான் ட்ருகானினியின் எலும்புக்கூட்டை 1904 முதல் 1947 வரை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்தார்கள். 1976-ல்தான் அவர் சாம்பல் கடலில் சேர்ந்தது.

நீங்கள் பார்க்கவேண்டியது மைரீனர் மாலை. விரல்நுனி அளவுள்ள கடல்நத்தையின் ஓடுகளைக் கோத்தது. தாயிடமிருந்து மகளுக்கு அறுபடாமல் வந்த கைவேலை, இன்றும் நடக்கிறது. கரையில் ஒதுங்கிய ஓடு உதவாது. வெயிலிலும் மணலிலும் பளபளப்பு போயிருக்கும், ஊசி பட்டால் நொறுங்கும். அதனால் நீர் நன்றாக வற்றும் நாள் பார்த்து, முழங்கால் ஆழத்தில் இறங்கி, கடற்பாசியில் ஒட்டியிருக்கும் உயிருள்ள நத்தையைப் பறிக்கிறார்கள். உள்சதை அழுகிக் கழியும்வரை போட்டுவைக்கவேண்டும். பிறகு மங்கலான மேல்தோலை எடுக்கவேண்டும். முன்பு புகையில் காட்டித் தேய்த்தார்கள், பின்னாளில் வினிகர் வந்தது. இங்கேதான் கை தவறும். ஓடு சுண்ணாம்பு, புளிப்பில் கொஞ்சம் அதிக நேரம் கிடந்தால் தோலோடு அடியிலுள்ள மயில்கழுத்து நிறத்தையும் அரித்துவிடும். சரியாக எடுத்தால் பச்சையும் நீலமுமாக மின்னும். துளை போட ஒருகாலத்தில் கூராக்கிய கங்காருப் பல், கோக்க அதன் தசைநார். இப்போது குத்தூசியும் நூலும். துளையிடும்போது விரிசல் விட்டால் அதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை அளவுவாரியாகப் பிரிக்கவேண்டும். நீள மாலை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் தேவை. பாசிக்காடு செழித்தால்தான் நத்தை. கிழக்குக் கரையில் கடல் சூடேறி ராட்சதக் கடற்பாசி பெரும்பாலும் போய்விட்டது. கோக்கிறவர்களுக்கு இப்போது அதுதான் கவலை.

ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் இந்த மாலைகள் இருக்கின்றன. எலும்புக்கூட்டை நிறுத்தியதும் அதே இடம்தான். 2021-ல் மன்னிப்புக் கேட்டார்கள். மகளையும் அழைத்துப்போங்கள். மாலைக்குப் பக்கத்தில் கோத்தவர் பெயர் இருந்தால் நின்று வாசியுங்கள். கடையில் வாங்குவதானால் யார் கோத்தது, எந்தத் தீவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் வராத கடையில் வேண்டாம்.