கதவை அடைத்தது யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போது எட்டே கால். அடை மழை. பம்பலப்பிட்டியில் வெள்ளம் நின்று பஸ் அசையவேயில்லை. போய்ச் சேர்ந்தபோது பத்து மணியாகிவிட்டது, வாசலோடு அனுப்பிவிட்டார்கள். "கர்த்தர் அடைத்த கதவைப் போய்த் தட்டாதே" என்கிறார் மாமி. அந்த இடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். மழை நாளில், அலுவலக நேரத்தில், காலி வீதியில் எட்டே காலுக்கு ஏறினால் பிந்துவதற்கு வேறு காரணம் தேவையில்லை. முதலில் அந்தச் சாதாரணக் காரணத்தை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அதை எழுதாமல் நேரே தேவ சித்தத்துக்குத் தாவினால், அடுத்த இன்டர்வியூவுக்கும் எட்டே காலுக்குத்தான் வெளிக்கிடுவீர்கள்.

மாமி சொல்வதற்கு வேதத்தில் இடமில்லாமல் இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் இயேசுவை அறிவித்த பவுலைக் கவனியுங்கள். பித்தினியாவுக்குப் போக முயன்றபோது ஆவியானவர் தடுத்தார் என்கிறது அப்போஸ்தலர் 16. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களிடம் வரவிடாமல் சாத்தான் தடுத்தான் என்கிறார். ரோமாபுரிக்குப் போகப் பிந்தியதற்கு, வேறு இடங்களில் ஊழியம் இருந்தது என்பதையே காரணமாகச் சொல்கிறார் (ரோமர் 15). ஒரே ஆளுக்கு மூன்று தடைகள், மூன்று விளக்கங்கள். தடை வந்த கையோடு ஒரே முத்திரையைக் குத்த அவர் அவசரப்படவில்லை. பித்தினியா இல்லை என்றானதும் வீட்டில் குந்தியிருக்கவும் இல்லை. துரோவா வரை நடந்தார். மக்கெதோனியாவுக்கு வா என்று அழைக்கும் தரிசனம் அங்கேதான் கிடைத்தது. அதையும் தனியாக முடிவெடுக்காமல் கூட இருந்தவர்களோடு சேர்ந்தே நிச்சயித்தார்.

ஆகவே ஆளணிப் பிரிவுக்கு மூன்று வரி எழுதுங்கள்: பிந்தியதற்கு வருத்தம், மழை வெள்ளம், இன்னொரு நாள் தர முடியுமா. நீண்ட விளக்கம் வேண்டாம். அன்றைக்கே போன் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள். இனிமேல் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் கரையோர ரயிலைப் பிடியுங்கள்; வெள்ளவத்தைக்கு அடுத்தது பம்பலப்பிட்டி, அதற்கடுத்தது கொள்ளுப்பிட்டி.

கேள்வி: 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. அந்தக் காய்ச்சலைக் கொடுத்தே தேவன் எங்களைக் காப்பாற்றினார் என்று ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்வேன். போன முறை, அன்று அங்கே நடந்த குண்டுவெடிப்பில் கணவனை இழந்த ஒரு அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். நான் சொன்னதில் என்ன பிழை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நன்றி சொன்னதில் பிழையில்லை. பிழை விளக்கத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலைத் தேவன் அனுப்பினார் என்றால், அவருடைய கணவனுக்கு ஏன் ஒரு தலையிடியைக்கூட அனுப்பவில்லை? நீங்கள் கேட்காத அந்தக் கேள்விதான் அவருடைய காதில் விழுந்தது. அன்று நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களிலும் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார் (லூக்கா 13). செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவேயில்லை.

சாட்சியை இப்படிச் சுருக்குங்கள்: "அன்று நாங்கள் வீட்டில் இருந்தோம். உயிரோடு இருக்கிறோம். நன்றி ஆண்டவரே. இழந்தவர்களை நினைத்துக்கொள்கிறோம்." அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அந்த அக்காவின் வீட்டுக்கும் போங்கள். கூட்டம் முடிந்து வாசலில் நின்று கதைக்கிற விஷயமல்ல இது. "நான் சொன்னது உங்களை நோகடித்துவிட்டது, மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் பேசினால் கேளுங்கள். வசனம் சொல்லித் தேற்றப் போகாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்தார்கள். வினை வந்தது அவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான்.

கேள்வி: மகனுக்கு உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கொஞ்சத்தால் போய்விட்டது, மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. சபையில் எல்லோரும் "இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்" என்கிறார்கள். அதைக் கேட்டால் அவனுக்கு ஆத்திரம் வருகிறது, ஜெபிப்பதையும் விட்டுவிட்டான். நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: இப்போது கண்டுபிடிக்க வேண்டாம். அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பு சிறையில் என்ன சொன்னார் என்று ஆதியாகமம் 40இல் பாருங்கள். "என்னை இங்கே அடைக்க நான் ஒன்றும் செய்யவில்லை, பார்வோனிடம் எனக்காகப் பேசு" என்று பானபாத்திரக்காரனிடம் கெஞ்சுகிறார். நோக்கத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. 17 வயதுப் பையனாக அறிமுகமாகிறவர் பார்வோன் முன் நிற்கும்போது 30 வயது. தேவன் என்னை முன்னே அனுப்பினார் என்று அண்ணன்மாரிடம் சொல்வதற்கு ஏழு செழிப்பான வருடங்களும் இரண்டு பஞ்ச வருடங்களும் கடந்திருந்தன. ரிசல்ட் வந்த கிழமையே உங்கள் மகன் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது அநியாயம்.

ஆத்திரத்தையும் ஜெபமாக்கலாம். சங்கீதம் 88ஐக் கொடுங்கள். ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது.

மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு, இயேசு சபைத் துறவிகளின் நிறுவுநர் இக்னேஷியஸ் லொயோலா கற்றுக்கொடுத்த இரவு ஆய்வைப் பழகலாம். 1521இல் பீரங்கிக் குண்டு காலை உடைத்துப் படுக்கையில் போட்ட போர்வீரர் அவர். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்: நன்றி, வெளிச்சம் கேட்பது, அன்றைய நாளை மணிக்கு மணி திரும்பப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் சறுக்குவார்கள். ஒன்று, குற்றப் பட்டியலாக்கிக்கொள்வது. மற்றது, நடந்ததன் அர்த்தத்தை அன்றிரவே எழுதிவிடுவது. கொப்பியின் இடப் பக்கத்தில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி, வலப் பக்கத்தை வெறுமையாக விடட்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது சில பக்கங்களில் எழுத ஏதாவது இருக்கும். பல வெறுமையாகவே கிடக்கும், கிடக்கட்டும்.

மனம் இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பதும் இக்னேஷியஸ் வைத்த விதிதான். "இனிப் படிக்கமாட்டேன்" என்ற முடிவுக்கும் அது பொருந்தும். உயர்தரம் மூன்று முறை எழுதலாம். வேறு பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முடிவுத் திகதி மட்டும் யாருடைய ஆத்திரத்துக்காகவும் காத்திராது. அதை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே மாதத்தில் இரண்டு தரம் போன் விழுந்து டிஸ்பிளே உடைந்துவிட்டது. போன் பாவிப்பதைக் குறைக்கச் சொல்லித் தேவன் பேசுகிறாரா?
– வாசகர், மருதானை

பதில்: குறைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அதற்கு டிஸ்பிளே உடையத் தேவையில்லை. புதிதாகப் போடும்போது ஒரு நல்ல கவரும் சேர்த்து வாங்குங்கள்.