டார்வினின் முதல் தீவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெடுங்கடல் பயணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், டார்வினின் பயணத்தைப் புரிந்துகொள்ள பசிபிக் கடலின் கலபகோஸ் தீவுகளைவிட, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் உள்ள கேப் வேர்டேயின் சாந்தியாகோ தீவிலிருந்து தொடங்குவதே முறை என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிப் பாடத்தில் படித்ததற்கு இது முற்றிலும் மாறானது. மரமும் நீரும் அரிதான, கருகிய பாறைத் தீவில் மூன்று வாரம் சொச்சத்தில் ஒருவர் அப்படி என்ன கண்டுவிட முடியும்? எல்லோரும் சொல்வதைத் தலைகீழாகச் சொல்லிப் பார்க்கும் ஆசைதானோ என்று தோன்றியது.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆசை எனக்கு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் சான்று டார்வினின் எழுத்திலேயே இருக்கிறது.

பீகிள் கப்பல் 1831 டிசம்பர் 27 அன்று பிளிமத்திலிருந்து புறப்பட்டபோது அதில் ஏறிய டார்வின் தன்னை முதன்மையாக நிலவியல் கற்பவராகவே கருதினார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நிலவியல் பேராசிரியர் செட்ஜ்விக்குடன் வேல்ஸ் மலைகளில் அலைந்து, பாறை அடுக்கின் சரிவை அளக்கவும் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளிலிருந்து தெரியாத அமைப்பை ஊகிக்கவும் பழகியிருந்தார். கப்பலிலோ கடல் குமட்டல் அவரைப் படுக்கையில் போட்டது. பெரிதும் கனவு கண்டிருந்த கேனரித் தீவான டெனரீஃபில், காலரா அச்சத்தால் யாரையும் இறங்க விடவில்லை. ஆகவே 1832 ஜனவரி 16 அன்று சாந்தியாகோவின் பிரயா துறைமுகத்தில் கால்வைத்தபோது, அந்த 22 வயது இளைஞருக்கு அதுவே முதல் எரிமலைத் தீவு.

துறைமுகத்துக்குள் நுழையும்போதே கடற்கரைச் செங்குத்துப் பாறையில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறது. கருத்த சுவரில் யாரோ சுண்ணாம்பு அடித்ததுபோல, நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 45 அடி உயரத்தில், சில மைல் தூரத்துக்கு அது கிடையாக ஓடுகிறது. அருகில் சென்று பார்த்தால் சுண்ணாம்புப் படிவம். அதற்குள் அதே கரையில் இன்றும் வாழும் இனங்களின் கிளிஞ்சல்கள். அதன் கீழே பழைய எரிமலைப் பாறை, மேலே எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையான பசால்ட். கிளிஞ்சல்கள் கடலடியில் படிந்து கிடந்த காலத்தில் எரிமலைக் குழம்பு கடலுக்குள் பாய்ந்து அவற்றை மூடியது. வெப்பம் கடுமையாகத் தாக்கிய இடங்களில் சுண்ணாம்பு படிகக் கல்லாக இறுகியது. பிறகு கடலடி முழுவதும் மேலே உயர்ந்தது. பட்டை கிடையாகவே இருப்பதால் அந்த உயர்வு ஒரே அதிர்ச்சியில் நிகழ்ந்த பேரழிவாக இருந்திருக்க முடியாது. எரிவாய்களை ஒட்டிய இடங்களில் மட்டும் அது கீழ்நோக்கி வளைவதையும் அவர் கண்டார். அங்கே நிலம் பின்னர் தாழ்ந்திருக்கிறது.

இதை இப்படிப் படிக்க அவருக்குத் துணைநின்றது நிலவியலாளர் லயெலின் நிலவியல் நூலின் முதல் தொகுதி. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அளித்த பரிசு அது. அதைப் படி, ஆனால் அதன் கருத்துகளை ஏற்றுக்கொள்ளாதே என்று டார்வினின் கல்லூரி ஆசிரியர் ஹென்ஸ்லோ எச்சரித்திருந்தார். (ஆசிரியர்கள் இப்படி எச்சரிக்கும் நூல்களை மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.) சிறிய, இடைவிடாத மாற்றங்களே நெடுங்காலத்தில் நிலத்தை உருவாக்குகின்றன என்ற லயெலின் வாதம் பின்னாளில் டார்வினின் உயிரியலுக்கும் அடித்தளமாயிற்று. 1876இல் எழுதிய தன்வரலாற்றில், எரிமலைப் பாறைச் சரிவின் அடியில், காலடிக் குட்டைகளில் பவளங்கள் உயிரோடிருக்க, கொளுத்தும் வெயிலில் அமர்ந்திருந்தபோதுதான் தானும் ஒரு நிலவியல் நூல் எழுதலாம் என்ற எண்ணம் முதன்முதலாக எழுந்ததாக அவர் நினைவுகூர்கிறார். எல்லாம் அன்றே தெளிந்துவிடவில்லை என்பதும் உண்மை. 1836இல் ஊர் திரும்பும் வழியில் மீண்டும் அங்கே இறங்கினார், 1844இல் வெளிவந்த எரிமலைத் தீவுகள் பற்றிய நூலை சாந்தியாகோவிலிருந்தே தொடங்கினார்.

கலபகோஸைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் 1835 செப்டம்பர், அக்டோபரில் அங்கே கழிந்த ஐந்து வாரங்களிலும் அவர் எரிமலைகளை விடவில்லை. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான, கிண்ணம் போன்ற 28 எரிவாய்களை ஆராய்ந்து, அவை ஒவ்வொன்றிலும் தென்புறச் சுவர் தாழ்ந்தோ முழுவதுமாக இடிந்தோ இருப்பதைக் கண்டு, அங்கே நிலையாக வீசும் காற்று எழுப்பும் அலைகளும் திறந்த பசிபிக்கின் பேரலைகளும் சேர்ந்து தாக்கும் பக்கம் அதுவே என்று காரணம் காட்டினார். அங்குள்ள ஜேம்ஸ் தீவின் பாறைகளைக் கொண்டு, உருகிய குழம்பில் கனமான படிகங்கள் கீழே அமிழ்வதால் ஒரே குழம்பிலிருந்து வெவ்வேறு பாறைகள் உருவாகலாம் என்றும் பின்னர் வாதிட்டார். நிலவியலாளர்கள் இன்றும் மதிக்கும் கருத்து அது.

பாடநூல் புகழும் கலபகோஸ் குருவிகளுக்கு வருகிறேன். எந்தக் குருவி எந்தத் தீவில் பிடிபட்டது என்பதை அவர் பெரும்பாலும் தனித்தனியே குறித்துவைக்கவில்லை. 1837இல் லண்டனில் பறவையியலாளர் கூல்ட் அவற்றைத் தனித்தனி இனங்கள் என்று பிரித்துச் சொன்ன பிறகே, ஃபிட்ஸ்ராயும் கப்பலில் இருந்த பிறரும் சேகரித்து வைத்திருந்த பறவைகளின் விவரங்களைக் கேட்டு வாங்கித் தீவுவாரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்புடன்.